மூட்டு மாற்றியவரின் தொழுகையும் நடையும்



இடுப்பு எலும்பு முறிந்த முதியவர் கட்டிலோடு கிடந்து, முதுகில் புண் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, சில மாதங்களில் மௌத்தாகிவிடுவது ஒரு காலத்தில் நம் ஊர்களில் வழக்கமாகக் கண்ட காட்சி. இன்று அதே முதியவருக்கு இடுப்பு மூட்டையே மாற்றி வைக்கிறார்கள். அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நிற்கிறார். இங்கிலாந்திலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர், 1962-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், உறுதியான பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் அதனுள் சுழலும் சிறிய உலோகப் பந்தையும் பொருத்தி இந்தச் சிகிச்சையை நிலைபெறச் செய்தார். அதற்கு முன் டெஃப்ளானைக் கொண்டு அவர் செய்த கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போயின. மனந்தளராமல் வேறு பொருளைத் தேடிப் பிடித்தார். லான்செட் என்னும் மருத்துவ ஏடு 2007-இல் இதனை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே குறிப்பிட்டது. அதே ஏட்டில் 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 58, இருபத்தைந்து ஆண்டுகள் வரை உழைக்கும் என்று கணக்கிட்டது.

எந்த நோயை இறக்கினானோ அதற்குரிய நிவாரணத்தையும் அல்லாஹ் இறக்கியுள்ளான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆகவே இந்த மருத்துவத்தைச் செய்துகொள்ளலாமா என்ற ஐயத்திற்கே இடமில்லை. உடலுக்குள் உலோகம் வைக்கலாமா என்று கேட்போர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அர்பஜா இப்னு அஸ்அத் (ரலி) என்ற நபித்தோழர், அறியாமைக் காலத்தில் குலாப் என்னுமிடத்தில் நடந்த போரில் தமது மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்கைச் செய்து பொருத்திக்கொண்டார். அதில் நாற்றம் உண்டாகவே, தங்கத்தால் செய்து அணிந்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கட்டளையிட்டார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். உடலின் தேவை என்று வந்தபோது அந்தத் தங்கமே அனுமதிக்கப்பட்டது. அப்படியிருக்க டைட்டானியத்திற்கும் பீங்கானுக்கும் என்ன தடை இருக்க முடியும்?

நான் எழுத வந்தது வேறொன்று. அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகு நம் குடும்பங்களில் நடப்பதைக் காணும்போது எனக்குக் கவலை உண்டாகிறது. சிலர், தொழுகை என்றால் நெற்றி தரையில் பட்டே ஆகவேண்டும் என்ற வைராக்கியத்தில், மூன்றாம் வாரமே முஸல்லாவை விரித்துத் தரையில் இறங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதைப் பிறர் பார்ப்பார்களே என்று வெட்கப்பட்டுப் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலருக்கோ மூட்டு நன்றாகக் கூடிவிட்டது. கடைத்தெருவுக்குப் போகிறார்கள், மாடியேறுகிறார்கள். தக்பீர் கட்டும் நேரத்தில் மட்டும் நாற்காலியைத் தேடுகிறார்கள். இவை அனைத்திற்கும் அடியில் இருப்பது ஒரே குறைதான். மார்க்கம் அளித்த சலுகை எது, அது எதுவரை என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ளவில்லை.

முதலில் மூட்டின் நிலையை அறிந்துகொள்ளுங்கள். தொடை எலும்பின் தலை ஒரு பந்தைப் போலவும், இடுப்பெலும்பில் அது அமரும் குழி ஒரு கிண்ணத்தைப் போலவும் படைக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சுற்றி உறையும் தசைகளும் இறுகப் பிடித்திருப்பதால் பந்து வெளியே நழுவுவதில்லை. அறுவையின்போது மருத்துவர் அந்த உறையை வெட்டித்தான் உள்ளே செல்ல முடியும். பின்பக்கமாகத் திறந்து செய்யும் முறையில் வெட்டுப்பட்ட பகுதி வலுப்பெறும் வரை, அதாவது ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை, மூன்று அசைவுகள் ஆபத்தானவை. உடலுக்கும் தொடைக்கும் இடையிலான மடிப்பு 90 பாகையைத் தாண்டுவது ஒன்று. ஒரு காலின் மேல் மறு காலைப் போடுவது இன்னொன்று. பாதத்தை உட்பக்கமாகத் திருப்புவது மற்றொன்று. இவை ஒன்றுசேர்ந்தால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். நழுவினால் தாங்க முடியாத வேதனை, மீண்டும் மருத்துவமனை, சில வேளைகளில் மீண்டும் அறுவை. முன்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்கு எச்சரிக்கைகள் வேறு. காலைப் பின்னால் நீட்டுவதும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதும் அவர்களுக்கு விலக்கப்படும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்து நீங்களும் அப்படியே செய்துவிடாதீர்கள். உங்களுக்கு எப்படிச் செய்தார்கள் என்பதை உங்கள் மருத்துவரே அறிவார்.

இப்போது நமது தொழுகையை எண்ணிப் பாருங்கள். முதுகு நேராகும்படி குனியும் ருகூவிலேயே இடுப்பு ஏறத்தாழ 90 பாகைக்கு மடங்கிவிடுகிறது. ஸஜ்தாவில் அதற்கும் அதிகம். ஷாபிஈ மத்ஹபினர் கடைசி இருப்பில் இடது பாதத்தை வலது காலுக்கு அடியில் வெளியே விட்டுத் தரையில் அமரும் முறையில், மடிப்பும் திருப்பமும் ஒன்றாகவே நேருகின்றன. மருத்துவர் எந்த அசைவுகளை அஞ்சுகிறாரோ அவற்றை ஐந்து வேளையும் ஒவ்வொரு ரக்அத்திலும் திரும்பத் திரும்பச் செய்கிறோம். அறுவைக்கு முன்பே, நீங்கள் தரையில் அமர்பவர், நாள்தோறும் ஸஜ்தாச் செய்பவர் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் திறப்பது, எந்த அளவுப் பந்தைப் பொருத்துவது என்று அவர் தீர்மானிப்பதற்கு அது உதவும். சார்ன்லி பொருத்திய பந்தின் குறுக்களவு சுமார் 22 மில்லிமீட்டர்தான். இன்று 32, 36 மில்லிமீட்டர் அளவுள்ள பந்துகள் பரவலாகப் பயன்படுகின்றன. பந்து பெரிதானால் எளிதில் நழுவாது.

தொழுகையை நின்று நிறைவேற்ற வேண்டும், முடியாதபோது உட்கார்ந்து, அதுவும் முடியாதபோது ஒருக்களித்துப் படுத்து நிறைவேற்ற வேண்டும் என்று மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது பெருமானாரே உட்கார்ந்து தொழுதிருக்கிறார்கள். இறைத்தூதருக்கு இழுக்கென்று தோன்றாத ஒன்று நமக்கு எப்படி இழுக்காகும்?

இது தொடர்பாக நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்று புகாரி ஷரீபில் வருகிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையின் இருப்பில் சம்மணமிட்டு அமர்வார்கள். இளைஞரான அவர்களுடைய மகன் அதைப் பார்த்துத் தாமும் அப்படியே அமர்ந்தார். தந்தை தடுத்தார்கள். வலது பாதத்தை நட்டு, இடது காலை மடக்கி அமர்வதுதான் சுன்னத்து என்று விளக்கினார்கள். தாங்கள் மட்டும் இப்படி அமர்கிறீர்களே என்று மகன் கேட்டதற்கு, தமது கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று விடையளித்தார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. சுன்னத்தைப் பின்பற்றுவதில் அணுவளவும் பிசகாதவர் என்று பெயர் பெற்ற ஸஹாபி, கால் தாங்காதபோது சுன்னத்தான இருப்பை விட்டுக் கொடுத்தார்கள். மறைவாகச் செய்யவுமில்லை, வெட்கப்படவுமில்லை. அதே நேரத்தில் கால் வலுவுள்ள மகனுக்கு அச்சலுகையைத் தரவுமில்லை. மூட்டு மாற்றியவரின் சட்டம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது என்றே சொல்வேன்.

பள்ளிவாசல்களில் நாற்காலிகள் பெருகிவிட்டன என்று ஆலிம்கள் பலர் வருந்துகின்றனர். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. நிற்க முடியாதவர் தரையில் அமர முடியுமானால் தரையில் அமர்ந்து தொழுவதே சிறந்தது என்று அவர்கள் சொல்வதும் சரியே. ஆனால் இடுப்பு மூட்டு மாற்றியவரிடம் போய் இதைச் சொல்லக் கூடாது. அவருக்குத் தரைதான் ஆபத்து. நிற்பதை விடவும், நாற்காலியில் அமர்வதை விடவும், தாழ இறங்குவதும் அங்கிருந்து எழுவதுமே அவருடைய மூட்டை நழுவச் செய்யும். இதை அறியாமல் தரையில் உட்காருங்கள் என்று ஒருவர் சொல்ல, அவரும் மரியாதைக்காக உட்கார்ந்து மூட்டு நழுவினால், சொன்னவர் என்ன பதில் கூறுவார்?

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி நெஞ்சை நடுங்கச் செய்வதாகும். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டது. அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் கிடைக்கிறதே, சலுகை இல்லை என்று கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணமடைந்தார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அவரது மரணத்திற்குச் சொன்னவர்களையே பொறுப்பாக்கினார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்பதே அந்தக் கண்டனத்தின் சாரம். நம் ஜமாஅத்தில் மஸ்அலா சொல்லும் என்னைப் போன்றவர்கள், சொல்லும் முன் மருத்துவரின் அறிவுரை என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இதை எடுத்துக் காட்டுகிறேன்.

இனி எப்படித் தொழுவது என்பதைப் பார்ப்போம். நாற்காலி உயரமாக இருக்கட்டும். அமரும்போது இடுப்பு முழங்காலை விடத் தாழ்ந்துவிடக் கூடாது. கைப்பிடி கட்டாயம் வேண்டும். எழும்போது பிடிக்க உதவும். பந்தலுக்கு வாடகைக்கு வரும் தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. அதன் கால் வழுக்கினால் மூட்டு மட்டுமன்றித் தொடை எலும்பும் போய்விடும். ருகூவுக்குத் தலையையும் தோளையும் சற்றே தாழ்த்துங்கள். ஸஜ்தாவுக்கு அதைவிடச் சிறிது அதிகமாகத் தாழ்த்துங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும். சிலர் முன்னால் ஒரு சிறு மேசையைப் போட்டு அதில் நெற்றியை வைக்கக் குனிகிறார்கள். மார்க்கம் அதைக் கேட்கவில்லை. மருத்துவமும் அதைத் தடுக்கிறது. நாற்காலியில் இருந்தபடி முன்னால் வளைவதும் தரையில் குனிவதும் மூட்டுக்கு ஏறத்தாழ ஒன்றே.

நிற்க முடியுமானால் நிற்க வேண்டுமா? இங்கே நமது இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடு உண்டு. ஷாபிஈ மத்ஹபில் ருகூவும் ஸஜ்தாவும் இயலாமற்போனாலும் நிற்க இயன்றவருக்கு நிற்பது கடமையாகவே இருக்கும். நின்று ஓதி, மற்றவற்றைச் சைகையால் நிறைவேற்ற வேண்டும். ஹனபி நூல்களிலோ, ஸஜ்தாச் செய்ய இயலாதவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம், அதுவே மேலானது என்று காணப்படுகிறது. காயல்பட்டினத்துக்காரரும் மேலப்பாளையத்துக்காரரும் ஒரே மருத்துவமனையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் குறை கூற வேண்டாம் என்பதற்காகவே இதைக் கூறுகிறேன். அவரவர் தம் மத்ஹபின்படி நடந்துகொள்ளட்டும். ஆனால் ஸஜ்தாச் செய்யும் ஆற்றல் திரும்பிவிட்டால் இரு மத்ஹபுகளிலும் விடை ஒன்றுதான். நிற்க முடிந்தவர் உட்கார்ந்து தொழும் பர்ளு கூடாது. நபிலான தொழுகையை உட்கார்ந்து தொழலாம், நன்மை பாதி.

ஒளுச் செய்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள், சொல்லளவிலும் உண்மையிலும். ஹவுழின் ஓரத்தில் குந்தி அமர்ந்து கால் கழுவுவது மூட்டு மாற்றியவருக்குச் சில மாதங்களுக்கு ஆகவே ஆகாது. பாசி படிந்த அந்தக் கல்லில் நல்ல காலுடையவரே விழுகிறார். வீட்டிலேயே, உயரமான முக்காலியில் அமர்ந்து ஒளுச் செய்துகொண்டு புறப்படுங்கள். பாதத்தைக் குனிந்து தேய்க்க வேண்டும் என்ற கட்டாயம் நமது இரு மத்ஹபுகளிலும் இல்லை. கணுக்கால் உட்படத் தண்ணீர் ஓடினால் கடமை நிறைவேறிவிடும். மகனோ மனைவியோ தண்ணீர் ஊற்றலாம். தபூக் பயணத்தில் முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் ஊற்ற நபி (ஸல்) அவர்கள் ஒளுச் செய்திருக்கிறார்கள். தோல் காலுறையாகிய குப்பு அணியும் வழக்கம் நம் பக்கத்தில் மறைந்துவிட்டது. இத்தகையவருக்கு அது பெரிய வசதி. காலையில் முழுமையாக ஒளுச் செய்து ஒருவர் உதவியுடன் அணிந்துகொண்டால், உள்ளூரில் இருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும் கால்களைக் கழுவாமல் அதன் மேல் மஸ்ஹுச் செய்தால் போதும். அந்த மஸ்ஹையும் உடனிருப்பவர் செய்துவிடலாம்.

படியேறுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது அறுவை செய்த காலை முதலில் இறக்க வேண்டும். கைத்தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இயன்முறை மருத்துவர்கள் கற்பிக்கும் பாடம் இது. வலது பக்கம் மூட்டு மாற்றியவர் பள்ளிவாசலின் படியில் ஏறும்போது இடது கால்தானே முந்தும், வலது காலை முதலில் வைத்து நுழைவது சுன்னத்தாயிற்றே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கேள்வியில் இருந்த பேணுதல் என்னை மகிழ்வித்தது. படியைக் கால் சொன்னபடி ஏறுங்கள், மேலே சமதளத்தில் ஒரு கணம் நின்று வாசலை வலது காலால் கடந்துகொள்ளுங்கள் என்றேன். படியே வாசலாக அமைந்திருந்தால் ஒழுக்கத்தை விட்டுவிட்டு மூட்டைக் காத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறுபக்கத்தில், வீட்டாரின் பாசம் செய்யும் தீங்கு ஒன்றிருக்கிறது. “வாப்பா, நீங்கள் எழ வேண்டாம், தண்ணீரை நான் கொண்டு வருகிறேன்” என்று மகன் சொல்கிறார். மருமகள் சோற்றைக் கட்டிலுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுவைக்குப் பின் அசையாமல் கிடப்பவரின் கெண்டைக்கால் நரம்பில் இரத்தம் உறையலாம். அந்த உறைவு நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. தசை மெலிந்துவிட்டால் புதிய மூட்டை எதைக் கொண்டு தாங்குவது? பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வதும், நாளுக்குப் பலமுறை சிறிது சிறிதாக நடக்கச் சொல்வதும் இதற்காகவே. தண்ணீர்க் குடத்தை அடுத்த அறையில் வையுங்கள். வாப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வரட்டும். மகன் பின்னால் நடந்து வந்தால் போதும். (தரை விரிப்புகளை மட்டும் சுருட்டி வைத்துவிடுங்கள். அவை காலைத் தட்டும்.)

இரத்தம் உறையாதிருக்கப் போடும் ஊசிகளில் சில பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெப்பாரின் வகையைச் சேர்ந்தவை என்று கேள்விப்பட்டுச் சிலர் ஊசியையே மறுத்துவிடுகிறார்கள். மறுக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கும் மாத்திரைகளாகவே மாற்று மருந்துகள் இன்று உள்ளன. உங்கள் உடலுக்கு அவை பொருந்தாது என்று மருத்துவர் கூறினால், நிர்ப்பந்தத்தின் சட்டம் இருக்கவே இருக்கிறது.

சகோதரிகளின் நிலைமை இன்னும் கவனிக்கத் தக்கது. ஆணாகிய இயன்முறை மருத்துவரிடம் போகக் கூடாதென்று பயிற்சியே இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் செல்வதே முறை. கிடைக்காதபோது மஹ்ரமான ஒருவர் உடனிருக்க, தேவையான அளவுக்குச் சிகிச்சை பெறுவதை நமது சட்டநூல்கள் தடுக்கவில்லை. இத்தாவில் இருக்கும் பெண்ணின் நிலை இதைவிடக் கடினம். கணவர் இறந்த துக்கத்தில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு தாயை, நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லி, அறுவைக்குப் பிந்திய பயிற்சிக்கு அனுப்பாமல் வைத்திருந்த குடும்பத்தை நான் அறிவேன். எந்த நூலில் இப்படி இருக்கிறது? மருத்துவத் தேவைக்காக இத்தாவில் இருப்பவள் வெளியே செல்லலாம் என்பதில் ஐயமே இல்லை. மூட்டு மாற்றியவருக்கு அந்த நான்கு மாதம்தான் நடையை மீட்டுக்கொள்ளும் காலம். அதைப் பறித்துவிட்டு, இத்தா முடிந்த அன்று ‘உம்மா, எழுந்து நடங்கள்’ என்றால் அந்த உம்மா எப்படி நடப்பார்?

வீட்டுக்கு வெளியேயும் நம் வாழ்க்கை தரையோடு பிணைந்தது. வலீமா விருந்தில் சஹனைச் சுற்றித் தரையில் அமர்வது கடற்கரை ஊர்களின் அழகிய வழக்கம். மூட்டு மாற்றிய மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து அமர வைக்காதீர்கள். மேசையில் ஒரு தட்டு வைத்தால் விருந்தின் பரக்கத் குறைந்துவிடாது. பத்தமடையில் பாய் நெய்யும் சகோதரிகளைப் போலத் தரையில் அமர்ந்தே தொழில் செய்பவர்கள், அறுவைக்கு முன்பே இதைப் பற்றி மருத்துவரிடம் பேசித் தொழிலை எப்படித் தொடர்வது என்று திட்டமிட்டுக்கொள்ள வேண்டும். கடையில் கல்லாவில் உட்காருபவருக்கு உயரமான இருக்கை போதும். கார் ஓட்டுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். கழிப்பறையில் உயர்ந்த இருக்கை இல்லாவிட்டால் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே அதை அமைத்துவிடுங்கள். இல்லற உறவை எப்போது தொடங்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மருத்துவத்திற்கும் அது பொருந்தும்.

அரபு இலக்கணம் பயின்றவர்களுக்கு ஸமக்ஷரியைத் தெரியாமலிருக்காது. ஹிஜ்ரி 538-இல், அதாவது 1144-இல் மறைந்தவர். அவருடைய முஃதஸிலாக் கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை. அது வேறு பேச்சு. ஒரு காலை இழந்து மரக்காலுடன் நடந்தவர் அவர். அந்தக் காலோடு குவாரஸ்மிலிருந்து மக்கா வரை பயணம் செய்து, கஃபாவின் அண்டையில் தங்கிக் கஷ்ஷாப் என்னும் விரிவுரையை எழுதினார். பாலிஎத்திலீனும் டைட்டானியமும் இல்லாத காலம் அது.

மக்காவைக் குறிப்பிட்டதால் ஹஜ்ஜைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூட்டுத் தேய்ந்து நடக்க முடியாதிருந்த ஒரு தந்தைக்காக, பிள்ளைகள் பதல் ஹஜ்ஜுக்கு ஆள் அனுப்ப ஏற்பாடு செய்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் உயிருடன் இருப்பவருக்காகப் பிறர் ஹஜ்ஜுச் செய்வது, குணமாகும் நம்பிக்கை அற்றவருக்கே உரிய சட்டம். அறுவையால் நடை திரும்பிவிடும் என்று மருத்துவர் கூறுகிறாரெனில் அந்த நம்பிக்கை அறவில்லை. பிறரை அனுப்பிய பின் அவர் நடக்கத் தொடங்கிவிட்டால், தாமே சென்று நிறைவேற்ற வேண்டிய கடமை அவர் மீது நிற்கும். செலவழித்த பணமும் போய், பர்ளும் மீதியிருக்கும். ஆகவே அவசரப்படாதீர்கள். அறுவை முடிந்து, நடை தேறி, மருத்துவர் இசைந்த பிறகு அவரே போகட்டும். நெடுந்தூரம் நடக்க இயலாதபோது சக்கர நாற்காலியில் தவாபும் ஸஃயும் செய்யலாம். உடல் நலம் குன்றியிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களை, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாபுச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஸபா மர்வாவுக்கிடையே சக்கர நாற்காலிகளுக்கென்று தனிப்பாதை உண்டு. மினாக் கூடாரத்தில் படுக்கை தாழ்வாக இருக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணி, உடன் வரும் மகன் மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துச் செல்லட்டும். விமானத்தில் பல மணி நேரம் அமர்ந்திருப்பதால் காலில் இரத்தம் உறையாதிருக்க அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும்.

விமான நிலையச் சோதனை வாயிலில் இடுப்பிலுள்ள உலோகத்தால் மணி ஒலிக்கக்கூடும். இஹ்ராம் துணியோடு வரிசையில் நிற்கும்போது பெரியவர் பதறிவிடுவார். அறுவை நடந்ததைக் குறிக்கும் மருத்துவரின் கடிதத்தைக் கைப்பையில் எளிதில் எடுக்கும்படி வையுங்கள். மணி ஒலித்தால் இடுப்பைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கைக்கருவியால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.